இல்லத்தில் விடுவதற்கு முன்: ஒரு பழைய நாவலும் எமது பிள்ளைகளும்

"பிள்ளையை ஒரு இல்லத்தில் சேர்த்துவிட முடியுமோ, சுவாமி?" பம்பலப்பிட்டியில் எம்மைத் தேடி வரும் தாய்மார் காணி, வீட்டுத்திட்டம், கடன் என்று எல்லாவற்றையும் பேசி முடித்த பின்னர், எழும்பும் வேளையில் மெதுவாகக் கேட்கும் கேள்வி இது. சிலர் வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்காகக் கொழும்புக்கு வந்தவர்கள். சிலர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்பவர்கள். தோட்டம் செய்து பிழைத்த குடும்பங்கள். காணி போனதோடு பிழைப்பும் போனது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் தம் காணிக்குத் திரும்பவில்லை. வன்னியில் மீளக்குடியேறியவர்களுக்கோ காணி கிடைத்தது, ஆனால் கிணறு தூர்ந்து கிடந்தது. கிணற்றை இறைத்து முடித்தபோது கையில் விதைக்குப் பணமில்லை. இந்த நிலையில் மூன்று பிள்ளைகளில் ஒன்றையாவது இல்லத்தில் விட்டால் அது நேரத்துக்குச் சாப்பிடும், படிக்கும் என்று ஒரு தாய் எண்ணுவதில் வியப்பில்லை.

இக்கேள்விக்கு எமது விடையை ஒரு நாவலை வைத்துச் சொல்லப் போகிறோம். நாவலுக்கும் எமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ஆங்கிலம் படித்தவர்களில் பலர் இளவயதில் வாசித்த கதை இது. சிறுவர் இல்லம் என்றதும் அவர்கள் மனதில் எழும் இனிய சித்திரத்துக்கு இத்தகைய கதைகளும் ஒரு காரணம். அந்தச் சித்திரத்தை மனதில் வைத்துக்கொண்டே பலர் இல்லங்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள். எனவே கதை என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்ப்பது எமக்கும் பயன்படும்.

நாவலின் பெயர் 'அன்புள்ள எதிரி'. எழுதியவர் ஜீன் வெப்ஸ்ரர் என்ற அமெரிக்கப் பெண்மணி. வெளிவந்த ஆண்டு 1915. 1912இல் அவர் எழுதிய 'நெடுங்கால் அப்பா' என்ற நாவலின் தொடர்ச்சி இது. முதற்கதையில் ஜோன் கிறியர் இல்லம் என்ற அநாதை இல்லத்தில் வளர்ந்த ஜூடி என்ற பெண்ணை, முகம் காட்டாத ஒரு தர்மகர்த்தா கல்லூரிக்கு அனுப்புகிறார். அவருக்கு அவள் எழுதும் கடிதங்களே கதை. (மலையாளத்தில் 1984இல் ஐ.வி. சசி இயக்கிய 'காணாமறயத்து' என்ற படம் இக்கதையைத் தழுவியதுதான்.) இரண்டாவது கதையில் ஜூடி அந்தத் தர்மகர்த்தாவையே மணமுடித்து வசதியாக இருக்கிறாள். தான் வளர்ந்த இல்லத்தைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று கல்லூரித் தோழி சாலி மக்பிரைட்டைப் பொறுப்பாளராக அனுப்புகிறாள். சாலி பணக்கார வீட்டுப் பெண். விருந்தும் நடனமுமாக இருந்தவள். அவளை விரும்பும் கோர்டன் என்ற அரசியல்வாதி, உன்னால் இது முடியுமா என்று சிரிக்கிறான்; அந்தச் சிரிப்பே அவளை அங்கு போக வைக்கிறது. இல்லத்துக்கு வந்துபோகும் வைத்தியர் றொபின் மக்றே ஸ்கொட்லாந்துக்காரர், சிடுமூஞ்சி. அவரோடு நாளும் பொழுதும் சண்டை. அவருக்கு எழுதும் குறிப்புகளை 'அன்புள்ள எதிரி' என்று தொடங்குகிறாள். சண்டை எங்கே போய் முடியும் என்பது வாசகருக்குப் பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் காதலைப் பற்றி நாம் அதிகம் பேசப் போவதில்லை.

எமக்குப் பெறுமதியானது, அவள் அந்த இல்லத்தில் செய்தவை. சாலி வந்தபோது சுவர்களும் இருட்டு, சாப்பாடும் ஒரேமாதிரி. பிள்ளைகள் எல்லோருக்கும் நீலக் கட்டம் போட்ட ஒரே துணி. தெருவில் போனால் இது அநாதைப் பிள்ளை என்று ஊருக்கே அடையாளம் சொல்லும் உடுப்பு. அந்த உடுப்பை முதலில் ஒழித்தாள். சுவருக்கு நிறம் பூசினாள். சாப்பாட்டை மாற்றினாள். பொடியன்களுக்கு வெளியில் கூடாரம் அமைத்துக் காற்றில் உறங்க விட்டாள். வேலைக்குக் கூலி கொடுத்து, இல்லத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் காசு ஒன்றை உண்டாக்கி, வாங்கவும் சேமிக்கவும் பழக்கினாள். காசைக் கையில் தொட்டறியாத பிள்ளை பதினாறு வயதில் வெளியே போனால் ஏமாறும் என்பதை அவள் விளங்கிக்கொண்டிருந்தாள்.

கமக்காரருக்குப் பிடிக்கக்கூடிய இடம் ஒன்றும் உண்டு. இல்லத்துக்கு நிலம் இருந்தது. பழைய தோட்டக்காரன் அதில் உருளைக்கிழங்கு போட்டு வந்தான். சாலி அந்த உருளைக்கிழங்கு நிலத்தை உழுவித்துப் பிள்ளைகளுக்குத் தனித்தனித் தோட்டமாகப் பிரித்துக் கொடுக்க முனைகிறாள். தோட்டக்காரனுக்குக் கோபம். நல்ல மண்ணை விளையாட்டுக்கு விடுவதா என்பது அவன் நியாயம். அவனை நாம் முழுக்கக் குறைசொல்ல மாட்டோம். நூற்றுக்கு மேற்பட்ட வயிறுகளுக்குக் கிழங்கு வேண்டும். ஆனால் தன் பெயரில் ஒரு பாத்தி இருக்கும் பிள்ளை காலையில் எழும்பியதும் எதைப் பார்க்க ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். முகாம் கொட்டிலுக்குப் பின்னால் நாலு மிளகாய்க் கன்றும் ஒரு பயற்றங்கொடியும் வைத்தவர்கள் நீங்கள். மண் உங்களுடையது அல்ல, எப்போது எழுப்புவார்கள் என்றும் தெரியாது, இருந்தும் வைத்தீர்கள்.

இன்னொரு நிகழ்ச்சி. அலெக்ரா என்ற சிறு பெண்ணைத் தத்தெடுக்க ஒரு வசதியான குடும்பம் வருகிறது. அவளுக்கு இரண்டு அண்ணன்மார். அவர்களை அக்குடும்பத்துக்கு வேண்டாம். குழந்தை மட்டும் போதும். சாலி மறுத்துவிடுகிறாள். பணக்கார வீடு, நல்ல மனிதர், இதை விட்டால் வேறு வாய்ப்பு வராது என்று எவர் சொன்னாலும் மூன்று பிள்ளைகளையும் பிரிக்கச் சம்மதிக்கவில்லை. இறுதியில் மூவரும் ஒரே வீட்டுக்குப் போகிறார்கள். எமது நாட்டு நடைமுறையை இதனோடு வைத்துப் பாருங்கள். ஆண்பிள்ளைகளுக்கு ஒரு இல்லம், பெண்பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் என்றே பெரும்பாலும் இருக்கிறது. அக்கா ஒரு ஊரில், தம்பி இன்னொரு ஊரில். தாயைப் பிரிந்த பிள்ளைக்கு அடுத்த ஆதரவு கூடப்பிறந்தது. அதையும் நாமே வெட்டிவிடுகிறோம். இதற்குப் பணம் ஒரு தடையல்ல. ஒரே இல்லத்தில் முடியாவிட்டாலும் ஒரே ஊரிலாவது வைக்கலாம், ஞாயிற்றுக்கிழமைகளிலாவது சந்திக்க விடலாம். இல்லங்களை நடத்தும் எமது துறவற சபைகளுக்கும் இதைச் சொல்கிறோம்.

இவற்றையெல்லாம் ஜீன் வெப்ஸ்ரர் கற்பனையில் மட்டும் காணவில்லை. 1876இல் பிறந்த அவர் எழுத்தாளர் மார்க் ட்வைனின் மருமகளுடைய மகள். வாசார் கல்லூரியில் படித்து 1901இல் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்திலேயே ஆதரவற்ற பிள்ளைகளின் நிலையங்களைப் பார்வையிட்டிருக்கிறார். அக்காலத்தில் அமெரிக்காவில் அநாதை இல்லங்கள் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. 1909 சனவரியில் சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். இல்லங்களை நடத்துவோரும் அவற்றை எதிர்ப்போரும் ஒன்றாக இருந்து பேசி எடுத்த முடிவுகளில் முதன்மையானது இது: வறுமை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையை அதன் வீட்டிலிருந்து எடுக்கக் கூடாது, தாய் நல்லவளாக இருந்து காசு மட்டும் இல்லையென்றால் காசைத் தாய்க்குக் கொடுக்க வேண்டும். 1911இல் இலினோய் மாநிலம் அதைச் சட்டமாக்கியது. சில ஆண்டுகளில் பெரும்பாலான மாநிலங்கள் தாய்மாருக்கு உதவிப்பணம் கொடுக்கத் தொடங்கின. 1912இல் சிறுவர் நலனுக்கென்றே மத்திய அரசில் ஒரு பணியகம் உருவானது.

நாவல் இந்த அலையில் எழுந்தது. அநாதை இல்லங்களின் காலம் போய்விட்டது, பெற்றோரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கு ஒரு நல்ல விடுதிப் பள்ளியையே நான் உருவாக்கப் போகிறேன் என்ற கருத்தில் சாலி ஒரு கடிதத்தில் எழுதுகிறாள். பிள்ளைகளுக்கு நல்ல குடும்பங்களைத் தேடி அனுப்புவதையும் தன் வேலையாகக் கொள்கிறாள். இல்லம் நிறைந்திருப்பது அவளுக்குப் பெருமையல்ல. பிள்ளை ஒன்று வெளியே போய் ஒரு வீட்டில் நிலைத்துவிட்டால் அதுவே வெற்றி. எமது நாட்டிலோ 'எங்கள் இல்லத்தில் இத்தனை பிள்ளைகள்' என்று ஆண்டறிக்கையில் எண்ணிக்கை கூடுவதையே சிறப்பாகக் காட்டுகிறோம். இத்தனை பிள்ளைகளை இவ்வாண்டு தாயிடம் திருப்பிக் கொடுத்தோம் என்று எழுதும் அறிக்கை அரிது.

இலங்கையில் சிறுவர் இல்லங்கள் பற்றி நடந்த ஆய்வுகள் ஒன்றையே திரும்பத் திரும்பக் கூறியுள்ளன: இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ, அல்லது இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். அநாதைகள் சிறுபான்மை. பிள்ளைகள் அங்கு வரும் காரணங்கள் உங்களுக்குப் புதியவை அல்ல. சாப்பாடு இல்லை, பள்ளிக்கூடம் தூரம், தகப்பன் காணாமற்போனார், தாய் மறுமணம் செய்தாள், வந்தவருக்குப் பிள்ளை பிடிக்கவில்லை, தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ போனாள். சிறு பிள்ளைகளை விட்டுவிட்டுத் தாய்மார் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போவதற்கு 2013இல் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது என்றார்கள். 2022இல் நாடு வங்குரோத்தானதும் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். டொலர் தேவைப்பட்டால் பிள்ளையின் தேவை குறைந்துவிடும் போலும். அதே ஆண்டில், சாப்பாடு கொடுக்க வழியின்றிக் குடும்பங்கள் பிள்ளைகளை இல்லங்களில் விடுகின்றன என்று யுனிசெப் அதிகாரி ஒருவர் பகிரங்கமாகச் சொன்னார்.

இல்லங்கள் தீமை என்று நாம் சொல்லவில்லை. யுத்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் கத்தோலிக்க அருட்சகோதரிகளும் சைவ ஆச்சிரமங்களும் பிற சபையினரும் நடத்திய இல்லங்கள் இல்லாதிருந்தால் பல பிள்ளைகள் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். ஷெல் விழுந்த இடங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பல தடவை இடம்பெயர்ந்த சகோதரிகளை நாம் அறிவோம். பிள்ளையை அடிக்கும் வீடும் உண்டு. அதைவிட மோசமானது நடக்கும் வீடும் உண்டு. அங்கிருந்து பிள்ளையை எடுத்தேயாக வேண்டும். ஒருவருமே இல்லாத பிள்ளைக்கு ஒரு கூரை வேண்டும். நாம் பேசுவது, தாய் இருக்கிறாள், பாசம் இருக்கிறது, அரிசிதான் இல்லை என்ற வீட்டைப் பற்றி.

அந்த வீட்டுக்கு அரிசியைக் கொடுப்பது நல்லதா, பிள்ளையை எடுப்பது நல்லதா? செலவுக் கணக்குப் பார்த்தாலும் விடை ஒன்றுதான். இல்லத்தில் ஒரு பிள்ளைக்குச் சாப்பாட்டுச் செலவு மட்டுமல்ல. கட்டடம், மின்சாரம், காவலாளி, சமையற்காரர், கணக்காளர் எல்லோருக்கும் செலவு. அதில் ஒரு பங்கைத் தாயின் கையில் கொடுத்தால், ஒரு நீர் இறைக்கும் இயந்திரத்துக்கோ, நல்லின மாட்டுக்கோ, பள்ளிக்குப் போக ஒரு சைக்கிளுக்கோ ஆகும். மூத்தவனுக்குச் சைக்கிள் வாங்கினால் தங்கையும் பின்னால் ஏறிப் பள்ளிக்குப் போவாள். ஆனால் கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம், நாடா வெட்டலாம், படம் எடுத்து அனுப்பலாம். மாட்டில் பெயர்ப்பலகை தொங்காது. இதனால்தான் புலம்பெயர்ந்த எம்மவர் அனுப்பும் பணத்தில் பெரும்பங்கு கட்டடங்களைத் தேடிப் போகிறதோ என்று எமக்கு ஐயம். நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். நல்ல மனதுக்கு வழிகாட்டுவது எம் போன்றோரின் கடமை.

நாவலுக்குத் திரும்புவோம். அதில் எமக்கு உடன்பாடில்லாத இரண்டு விடயங்கள் உள்ளன.

ஒன்று, அது கடிதங்களாலான கதை. ஆனால் எழுதுபவர் சாலி ஒருவரே. தோழிக்கு எழுதுகிறாள், அரசியல்வாதிக்கு எழுதுகிறாள், வைத்தியருக்கு எழுதுகிறாள். பதில்கள் ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் குறும்புகளை அவள் சொல்லக் கேட்கிறோம். அவர்களை விட்டுச் சென்ற தாய் தகப்பனின் நியாயம் ஒரு வரியிலும் எமக்குக் கிடைப்பதில்லை. முதல் நாவலிலும் இதே நிலைதான். கொடையாளிக்கு மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது ஜூடிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. பதில் வராது என்றும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். இங்கும் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பிள்ளைகளைக் கொண்டு கொடையாளிகளுக்கு நன்றிக் கடிதம் எழுதுவிக்கும் வழக்கம் உண்டு. நத்தார் காலத்தில் கரும்பலகையில் ஒரு மாதிரி எழுதப்படும். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். நோர்வேயிலோ கனடாவிலோ இருக்கும் முகமறியாத ஒருவருக்குப் 'பேரன்புடன்' என்று முடிப்பார்கள். அதே பிள்ளை முல்லைத்தீவில் இருக்கும் தன் தாய்க்கு அந்த ஆண்டில் எத்தனை கடிதம் எழுதியது? எழுத ஒருவரும் சொல்லவில்லை, முத்திரையும் கொடுக்கவில்லை. இப்போது எல்லோர் கையிலும் தொலைபேசி உண்டு என்பீர்கள். இல்லத்தில் பிள்ளையின் கையில் இல்லை. அலுவலகத் தொலைபேசிக்குத் தாய் அழைத்தால் பிள்ளை வகுப்பில் இருக்கும், அல்லது பொறுப்பாளர் பக்கத்தில் நிற்பார். பக்கத்தில் ஆள் நிற்கப் பிள்ளை எதைச் சொல்லும்?

இரண்டாவது விடயம் இன்னும் பாரதூரமானது. வைத்தியர் மக்றே, சாலிக்கு வாசிக்கக் கொடுக்கும் நூல்களில் பரம்பரை பற்றிய அக்கால ஆய்வுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று கலிகாக் என்று புனைபெயரிட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி ஹென்றி கொடார்ட் என்ற உளவியலாளர் 1912இல் வெளியிட்டது. புத்திக்குறைவும் குடியும் குற்றமும் இரத்தத்தில் வருபவை, அத்தகையோர் பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தாரின் கொள்கை. சாலி அதை வாசித்துவிட்டு, தன் பிள்ளைகளில் எவருடைய இரத்தம் எப்படியோ என்று கலங்குகிறாள். கதையில் அது ஓரிரு கடிதங்களோடு போய்விடுகிறது. உலகத்தில் அப்படிப் போகவில்லை. 1907இலேயே இந்தியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியிருந்தது. அமெரிக்காவில் பல்லாயிரக்கணக்கான ஏழைகளும் நோயாளிகளும் இவ்வாறு கருவளம் இழந்தனர். 1933இல் ஜேர்மனியில் நாசிகள் இதையே சட்டமாக்கிப் பின்னர் கொலைவரை கொண்டுபோனார்கள். கொடார்டின் ஆய்வு உறுதியற்றது, அவர் பிள்ளைகளின் வறுமையையும் கவனிப்பின்மையையும் இரத்தத்தின் மேல் ஏற்றிவிட்டார் என்று பின்வந்த அறிஞர்கள் காட்டினர்.

அது அமெரிக்காவின் பழைய கதை என்று தள்ளிவிட எம்மால் முடியாது. பிள்ளையைத் தத்தெடுக்க வருபவர் முதலில் கேட்பது என்ன? நிறம் என்ன, ஊர் எது, 'எந்தப் பகுதி ஆட்கள்?' சாதியைப் பெயர் சொல்லாமற் கேட்கும் கேள்வி இது. முகாமில் வளர்ந்த பிள்ளைகள் களவெடுப்பார்கள், இயக்கத்தில் இருந்தவனின் பிள்ளை முரடாக வரும், குடிகாரனின் மகன் குடிகாரன்தான் என்று பேசுவோர் எம்மிடையே இல்லையா? முகாமில் ஒரு கோப்பைச் சோற்றுக்கு வரிசையில் நின்ற பிள்ளை தட்டை ஒளித்து வைத்தால், அது இரத்தம் அல்ல. நாளைக்குச் சோறு வருமா என்ற பயம். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் சோறு தவறாமல் வந்தால் அந்தப் பழக்கம் தானாகவே போய்விடும். இதை நாம் கண்டிருக்கிறோம்.

இவ்வளவு குறை சொன்னாலும் நூலாசிரியை மீது எமக்கு மதிப்பு உண்டு. கதையின் இறுதியில் இல்லம் இரவில் தீப்பற்றி எரிகிறது. உள்ளே அகப்பட்ட ஒரு பிள்ளையைத் தேடிப் போன வைத்தியர் படுகாயமடைகிறார். சாலி அரசியல்வாதியுடனான நிச்சயத்தை முறித்துவிட்டு, 'எதிரிக்கு' வேறு விதமான ஒரு கடிதம் எழுதுகிறாள். வைத்தியரின் முதல் மனைவி மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தவர் என்பது கதையில் பின்னர் தெரியவரும். ஜீன் வெப்ஸ்ரர் தாம் விரும்பியவரை 1915இல் மணந்தபோது, அவருடைய முதல் திருமணத்திலும் இதே துயரம் இருந்தது. மறு ஆண்டு யூன் மாதம் ஒரு பெண்குழந்தையைப் பெற்றுவிட்டு அவர் இறந்தார், வயது 39. தாயில்லாப் பிள்ளைகளைப் பற்றி எழுதியவரின் பிள்ளை தாயில்லாமல் வளர்ந்தது.

எமது மக்களிடம் இதற்கு ஒரு மரபு உண்டு. தாய் இறந்தால் அம்மம்மா; அம்மம்மா இல்லாவிட்டால் சித்தி, மாமி. 2004 மார்கழியில் கடல் வந்து போன பின்னர் வெளிநாடுகளிலிருந்து அநாதை இல்லம் கட்டித் தருகிறோம் என்று எத்தனை பேர் வந்தார்கள்! ஆனால் தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் உறவினரிடமே வளர்ந்தார்கள். பிள்ளைகளை இல்லங்களில் குவிப்பதில்லை என்ற நிலைப்பாட்டை அரசும் அப்போது எடுத்தது. 2005இல் ஒரு விசேட சட்டமும் வந்தது. சுனாமிக்குச் செய்ய முடிந்ததை யுத்தத்துக்கும் பசிக்கும் ஏன் செய்ய முடியாது? அம்மம்மாவுக்கு மாதம் ஒரு தொகை கிடைத்தால் அவர் பேரப்பிள்ளையை வளர்த்துவிடுவார். கிடைக்காவிட்டால் அவரே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இல்லத்தின் வாசலில் வந்து நிற்பார்.

குழந்தை சிறிதாக இருக்க இருக்க ஆபத்தும் பெரிது. றுமேனியாவில் 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் அரச இல்லங்களில் இருந்தது தெரிய வந்தது. 2000ஆம் ஆண்டளவில் அங்கு தொடங்கிய ஓர் ஆய்வில், ஒரு பகுதிக் குழந்தைகளை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, இல்லத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் பேச்சிலும் அறிவிலும் பாசத்திலும் முன்னேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் கூடுதலாக. இல்லத்தில் கட்டில் சுத்தமாக இருக்கலாம். ஆனால் அழுதால் அதே முகம் வருமா என்பதே குழந்தையின் கேள்வி. எட்டு மணிக்கு ஒரு முகமும் நாலு மணிக்கு இன்னொரு முகமும் வந்தால் அது அழுவதையே விட்டுவிடும். 'அமைதியான பிள்ளை' என்று பார்வையாளர் மெச்சுவார்கள்.

எனவே கேட்கும் தாய்மாருக்கு எமது விடை இது. முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். கிராம அலுவலரின் கடிதம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி அதிபரின் கடிதம் ஆகியவற்றோடு போங்கள். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டே பெறக்கூடிய உதவி எதுவென்று கேளுங்கள். இல்லத்தைப் பற்றி அவர் பேசினாலும் நீங்கள் முதலில் இதைக் கேளுங்கள். நீங்கள் வெளிநாடு போவதாயின், பிள்ளையை உறவினர் ஒருவரிடம் நீதிமன்றத்தின் மூலம் சட்டப்படி ஒப்படைக்க வழி உண்டு. வாய்ச்சொல்லில் விட்டுப் போனால் பள்ளிக்கூட அனுமதியிலும் வைத்தியசாலையிலும் சிக்கல் வரும்.

இவையொன்றும் கைகூடாமல் இல்லத்தில்தான் விடவேண்டும் என்றால், வடமாகாணத்திலோ கிழக்கிலோ மேல்மாகாணத்திலோ, அது நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட்டதா என்று விசாரியுங்கள். பதிவில்லாத இடத்தில், எவ்வளவு நல்ல மனிதர் நடத்தினாலும், விடாதீர்கள். மூலப் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்காமல் பிரதியைக் கொடுங்கள். விளங்காத மொழியில் உள்ள எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைக்க வேண்டாம். 1980களில் இந்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்தாகப் போனபோது, தாம் எதில் கையெழுத்திட்டோம் என்றே தெரியாத தாய்மார் இருந்தார்கள். 1992இல் சட்டம் இறுக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். எவ்வளவு காலத்துக்கு விடுகிறீர்கள், எந்த மாதம் வந்து கூட்டிப்போவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, பொறுப்பாளரின் கையெழுத்தோடு ஒரு பிரதியை உங்களிடம் வைத்திருங்கள். பிள்ளைக்கும் அந்த மாதத்தைச் சொல்லிவிடுங்கள். நெல் வெட்டினதும் வருவேன் என்று சொன்னால் கமக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அது எப்போதென்று விளங்கும்.

போகும்போது பெட்டியில் உடுப்போடு வீட்டு முகவரி எழுதி முத்திரை ஒட்டிய கடித உறைகள் பத்தும், குடும்பப் படம் ஒன்றும் வையுங்கள். பிள்ளை அதைத் தன்னோடு வைத்திருக்க விடுவார்களா என்று பொறுப்பாளரிடம் முதல் நாளே கேளுங்கள். பஸ் செலவுக்குப் பணமில்லாததால் ஆறு மாதமாகப் பிள்ளையைப் பார்க்கப் போகாத தாய்மார் இருந்தால், உங்கள் பங்குப் பணிமனையிலோ கோயில் பரிபாலன சபையிலோ சொல்லுங்கள். ஒரு தாயைக் கிளிநொச்சியிலிருந்து பிள்ளையிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் செலவு, எந்தச் சபைக்கும் பெரிய தொகையல்ல.